இருபத்தைந்தாவது வரி

ஜனவரி 11

அன்புத் தம்பி முட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், உன் மாமா, பட்டாணி மூவரும் நலம். நீயும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே, வேறு என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கி, அந்தத் தாளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவன், இன்று தலைநகரத்தில் நோய்க் கணக்குப் பிரிவில் அதிகாரி! ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எந்த ஊர்ல எப்போ எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும்னு என் தம்பி கணக்குப் போட்டே சொல்லிடுவான்" என்றேன். ஊசி போடும் நர்ஸ் உடனே, "அப்படியே எனக்கு எப்போ லீவு வரும்னும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

பட்டாணிக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. ஒன்பது வருஷம் எங்களைக் காக்க வைத்தவள், இப்போது பாலுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன் என்கிறாள். பகலில் பக்கத்து வீட்டுத் தையற்காரி பார்த்துக்கொள்கிறாள். மாமா லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்ப நான்கு நாள் ஆகிறது.

நான் அதே புறநோயாளிப் பதிவு மேசையில்தான் இருக்கிறேன். இந்த வாரம் தட்டம்மையோடு ஆறு குழந்தைகள் வந்தார்கள். தினமும் ஒரு படிவம் நிரப்பித் தலைநகரத்துக்கு அனுப்புகிறேன். அதை யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள் என்று எட்டு வருஷமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. இங்கே இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் டாக்டர் மேசையில். அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னைத் திட்ட முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன், நேரத்துக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் படிவத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்டாயே, நான்தான் படிக்கிறேன்! இங்கே ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற ஆள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு ஊரில் உள்ள குழந்தைகளை எல்லாம் மூன்று அறைகளில் வைத்துக்கொள். முதல் அறையில் நோய் வரக்கூடியவர்கள். இரண்டாவதில் இப்போது நோய் உள்ளவர்கள். மூன்றாவதில் வந்து முடிந்தவர்கள். ஒரு நாளில் முதல் அறையிலிருந்து எத்தனை பேர் இரண்டாவதற்குப் போகிறார்கள், அங்கிருந்து எத்தனை பேர் மூன்றாவதற்குப் போகிறார்கள், இதுதான் முழுக் கணக்கும். தட்டம்மையைப் போல வேகமாக ஒட்டுவது வேறில்லை. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு குழந்தை பதினைந்து பேருக்குக் கொடுத்துவிடும். ஒட்டிய பிறகு உடம்பில் தடிப்பு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே இன்று நீ பார்ப்பது இரண்டு வாரத்துக்கு முன்பு நடந்தது. தடுப்பூசி என்பது முதல் அறையிலிருந்து நேராக மூன்றாவதற்கு ஒரு கதவு திறப்பது.

கையிருப்பில் எட்டாயிரம் ஊசிதான் இருக்கிறது. எந்த ஊரின் கோடு மேலே ஏறுகிறதோ அந்த ஊருக்கு அனுப்புவோம். இப்போது ஏறுவது இரண்டு. ஒன்று துறைமுக நகரம், இன்னொன்று நம் ஊர். பயப்படாதே, கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டாணியின் இடது கன்னத்துக்கு மாமனின் முத்தம்.

தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மாமாவுக்கு முதுகு வலி, அது லாரியோடு சேர்ந்து வந்தது.

உன் மூன்று அறையை நர்ஸிடம் சொன்னேன். நன்றாகக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "செத்துப்போன குழந்தை எந்த ரூம்ல இருக்குக்கா?" யோசித்துப் பார்த்தால் மூன்றாவதில்தான் இருக்க வேண்டும். வந்து முடிந்தவர்கள் என்றுதானே எழுதியிருக்கிறாய். குணமாகி வீட்டுக்கு ஓடிய குழந்தையும், துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போன குழந்தையும் உன் கணக்கில் ஒரே அறையிலாடா? எந்தப் புண்ணியவான் கட்டிய வீடு இது? இனிமேல் யாருக்கும் நோய் கொடுக்க மாட்டார்கள் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குச் சரியில்லை.

இங்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. படிவம் நிரம்பி வழிகிறது. உட்கார பெஞ்சு போதாமல் தாய்மார்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்கள். "இன்னும் ரெண்டு பெஞ்சு கேளுங்க சார்" என்றேன் டாக்டரிடம். "பெஞ்சு கேட்டா காரணம் எழுதணும், காரணம் எழுதினா விளக்கம் கேப்பாங்க" என்றார். நல்ல மனிதர்தான், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது.

பட்டாணி என் பேனாவைப் பிடுங்குகிறாள். உன்னைப் போலத்தான் வருவாள். அதாவது முதலில் முட்டை வாங்குவாள்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ திட்டியது சரி. அந்த மூன்றாவது அறை எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் இன்று நல்ல செய்தி! நம் ஊரின் கோடு மட்டமாகிவிட்டது. எட்டு நாளாக 24, 24, 24. ஏறவே இல்லை. இப்படி நின்றுவிட்டால் உச்சம் முடிந்தது என்று பொருள், இனி மூன்று வாரத்தில் இறங்கிவிடும். இயக்குநர் என் வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். "பாருங்க, கோடுன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அமைச்சரின் மேசைவரை போன என் முதல் கணக்கு இதுதான். எட்டாயிரம் ஊசியும் துறைமுக நகரத்துக்குப் போகட்டும் என்று நேற்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கே இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

உனக்கு இனி வேலைப் பளு குறையும், நிம்மதியாக இரு. பட்டாணிக்குப் பல் முளைத்ததா? அவள் இடது கன்னத்துக்கு மாமனின் முத்தம்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

என் மேசையில் இருக்கும் படிவத்தை நீ காலித் தாளாகப் பார்த்ததுண்டா? அதில் எத்தனை வரி என்று எண்ணியிருக்கிறாயா? இருபத்து நான்கு. ஒரு நாளைக்கு ஒரு நிலையத்துக்கு ஒரு தாள்தான் என்று போன வருஷம் உங்கள் ஆபீசிலிருந்துதான் சுற்றறிக்கை வந்தது, தாள் சிக்கனமாம். மிஞ்சியவர்களை அடுத்த நாள் தாளில் எழுத வேண்டும். அடுத்த நாளும் மிஞ்சினால்? அதற்கு அடுத்த நாள். நான் அப்படியே செய்தேன். மிஞ்சுகிறவர்களை எல்லாம் நீள நோட்டில் எழுதி வைத்து, வரிசைப்படி தாளில் ஏற்றுகிறேன்.

நீ பார்த்தது நோயின் உச்சம் இல்லை, என் தாளின் அடிமட்டம். மூன்றாம் தேதி வந்தவர்கள் 27. பத்தாம் தேதி 46. நேற்று 71. நேற்று மாலைவரை நோட்டில் தேங்கி நிற்பவர்கள் 370. இன்று நான் அனுப்பும் தாளில் இருக்கும் குழந்தைகள் போன வாரம் வந்தவர்கள். நாள்வாரிக் கணக்கைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், பார்.

தப்பு எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். மேலே யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இருபத்து நான்கு தொடர்ந்து வந்தால் ஒரு மனிதன் கேட்க மாட்டானா என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. கோடு அழகாக இருந்ததால் கேட்கவில்லை.

எங்கள் ஊசியை எங்களுக்கு அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன்.

உன் எண்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். கோடு மட்டமாக இல்லை, நிமிர்ந்து போகிறது. ஊசி வராவிட்டால் மே மாதம் முடிவதற்குள் நம் ஊரில் ஆறாயிரம் குழந்தைகள். நூறுக்கு ஒன்று என்று வைத்தாலும் அறுபது சாவு. மார்ச் நடுவில் ஊசி வந்தால் பாதியாவது தப்பும். உடனே இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். உன் கடிதத்தை விரலால் தள்ளிவிட்டார்.

"இது யார் எழுதினது?"

"எங்க அக்கா சார். பதிவு மேசையில இருக்காங்க."

"சொந்தக்காரங்க லெட்டரை நம்பி ஊசி அனுப்பினா, நாளைக்கு எல்லா ஆபீசரோட அத்தையும் லெட்டர் போடுவாங்க. படிவத்துல வரட்டும், பார்க்கலாம்."

படிவத்தில்தான் வராதே! அதைச் சொன்னால், "சுற்றறிக்கையை மாத்தணும்னா கமிட்டி கூடணும்" என்கிறார். கமிட்டி ஏப்ரலில் கூடுகிறது.

நீ எதுவும் செய்துவிடாதே அக்கா. உன் வேலை போனால் வீடு நடக்காது. கையெழுத்துப் போட்டவன் நான், நானே ஏதாவது பார்க்கிறேன்.

பட்டாணியைப் பற்றி நீ எழுதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போனதும் கை கழுவி, உடை மாற்றிக்கொண்டுதான் தூக்குகிறாய், இல்லையா? அவள் இடது கன்னத்துக்கு மாமனின் முத்தம்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

"படிவத்துல வரட்டும்" என்றாராமே உன் இயக்குநர். வருகிறது, வாங்கிக்கொள்ளச் சொல்.

சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு தாள். சரி. அந்தத் தாள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நேற்று காலை கோந்து பாட்டிலை எடுத்தேன். முப்பத்தேழு படிவத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினேன். நோட்டில் தேங்கியவர்கள், நேற்று வந்தவர்கள் எல்லோரையும் ஏற்றினேன். 880 குழந்தைகள், கடைசியில் எட்டு வரி மட்டும் காலி. கோந்து காய்வதற்காக வராந்தாவில் விரித்தபோது மருந்து கட்டும் அறையிலிருந்து பிரசவ வார்டு வாசல்வரை வந்தது. வரிசையில் நின்ற தாய்மார்கள் ஒருவர்கூட அதை மிதிக்கவில்லை. ஒருத்தி குனிந்து, "எம்புள்ள எந்த வரிம்மா?" என்று கேட்டாள். காட்டினேன்.

டாக்டர் வந்தார்.

"என்னம்மா இது?"

"இன்னைக்கு அனுப்ப வேண்டிய படிவம் சார். ஒரு தாள்தான்."

"இது ஒரு தாளா?"

"எங்கேயாவது விட்டுப்போயிருக்கான்னு இழுத்துப் பாருங்க சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் இதைப் பார்க்கல" என்று சொல்லி முத்திரையை என் மேசைமேல் வைத்துவிட்டு வார்டுக்குள் போனார். முத்திரை குத்தினேன், என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். துணி மாதிரிச் சுருட்டிக் கட்டித் தபாலில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

சொந்தக்காரியின் கடிதம் என்று இதைத் தள்ள முடியாது. அக்காவாக நான் இதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தாள் வந்து சேர்ந்தது. தபால் பிரிவில் இருந்தவர், "சார், உங்களுக்குப் பாய் வந்திருக்கு" என்றார்.

வாராந்தரக் கூட்டத்தில் அதை இயக்குநரின் நீள மேசைமேல் விரித்தேன். மேசை போதவில்லை, தரையில் இறங்கி ஓடியது. "மடிச்சு வைங்க" என்றார். மடிக்கவில்லை அக்கா. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அதிகாரி சொன்னதைக் கேட்காமல் நின்றேன். "சுவத்துல இருக்கிற கோடு தப்பு சார். போட்டவன் நான். என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அந்த வரைபடத்தைச் சுவரிலிருந்து நானே கிழித்தேன். பாதியில் நிறுத்தாமல் முழுசாகக் கிழித்தேன்.

அன்று மாலையே என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். போகட்டும். போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். துறைமுக நகரத்துச் சுகாதார அதிகாரிக்கு நேராகப் போன் போட்டு, உன் எண்களை ஒவ்வொரு நாளாக வாசித்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். "எங்க ஊர்ல இறங்க ஆரம்பிச்சாச்சு. என்கிட்ட இன்னும் அஞ்சாயிரம் இருக்கு. நாளைக்கே வண்டி ஏத்தறேன். யாரு அனுமதி கொடுத்தாங்கன்னு கேட்டா, என் பேரைச் சொல்லுங்க" என்றார். முகம்கூடத் தெரியாத ஒருவர் அக்கா! ஆறு மாதம் ஆன குழந்தைகளுக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். பட்டாணிக்கு முதல் நாளே போட்டுவிடு.

ஒன்று கேட்க வேண்டும். உன் தாளை வரி வரியாகப் படித்தேன். பிப்ரவரி 19, நாற்பத்து மூன்றாவது வரி. பெண், வயது 7 மாதம். அந்த ஏழுக்குக் குறுக்குக் கோடு இல்லை. ஏழுக்கு நீ குறுக்குக் கோடு போடாமல் விட்டு நான் பார்த்ததே இல்லை. இருபத்தேழு, இருபத்தெட்டாம் தேதி அங்கிருந்து வந்த தினப் படிவங்கள் வேறு யாரோ எழுதியவை.

பட்டாணி எப்படி இருக்கிறாள்?

தம்பி


மார்ச் 24

அக்கா,

பதில் இல்லை. வண்டி வந்து சேர்ந்ததா? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் எடுத்தார், உன் பெயரைச் சொன்னதும், "அவங்களே எழுதுவாங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

எதுவாக இருந்தாலும் எழுது. பட்டாணியின் இடது கன்னத்துக்கு மாமனின் முத்தம்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

முதலில் உட்கார்.

நேற்று 71 பேர் என்று உனக்கு எழுதினேனே, அந்த எழுபத்தொன்றில் ஒருத்தி பட்டாணி. தையற்காரி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோரையும் போல வரிசையில்தான் நின்றாள். கூட்டத்தில் நான் பார்க்கவில்லை. பெயர் சொல்லக் கேட்டு நிமிர்ந்தேன், என் குழந்தை. முகமெல்லாம் தடிப்பு. நாற்பத்து மூன்றாவது வரியை எழுதினேன். பிறகு நாற்பத்து நான்கை எழுதினேன், அவர்களும் காத்திருந்தார்களே. நுரையீரலில் இறங்கிவிட்டது. இருபத்தேழாம் தேதி விடியும்போது போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து மேசைக்குத் திரும்பினேன். மார்ச் ஒன்றாம் தேதி கோந்து எடுத்தேன்.

நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். சுற்றறிக்கைப்படி போயிருந்தால் அவள் வரி மார்ச் ஆறாம் தேதிதான் தாளில் ஏறியிருக்கும். அவள் செத்து ஒரு வாரம் கழித்துத்தான் உங்கள் கணக்கில் அவளுக்கு நோயே வந்திருக்கும். இதை நினைத்தபோதுதான் பாட்டிலைத் திறந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ அழுதுகொண்டே அந்த ஆளிடம் போய் நின்றிருப்பாய். "பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள், ஏதோ எழுதுகிறாள்" என்று 880 பேரையும் என் கண்ணீரில் கரைத்துவிட்டிருப்பார்கள். எண்ணாக மட்டும் இருந்ததால்தான் தள்ள முடியவில்லை. உன் மாமாவிடமும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மனிதர் கேட்டுக்கொண்டார், லாரியில் ஏறி உட்கார்ந்துதான் அழுதார்.

நீ உன்னைக் கொன்றுகொள்ளாதே. நீ சொன்ன இரண்டு வாரக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். பத்தொன்பதில் தடிப்பு என்றால், மாத ஆரம்பத்திலேயே அவளுக்கு ஒட்டியிருக்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்டது பதின்மூன்றில். நீ சரியாகப் போட்டிருந்தாலும் அவளுக்கு நேரம் இருந்திருக்காது. ஆகவே பட்டாணியின் பாரம் உன் தலையில் இல்லை. மற்றக் குழந்தைகளில் சிலருடையது இருக்கிறது. அதைத் தூக்கு. கீழே போடாதே.

வண்டி மார்ச் பதினான்கில் வந்தது. அதற்குள் எனக்கு மெமோ வந்துவிட்டது, தற்காலிகப் பணிநீக்கம். அரசுப் படிவத்தைச் சிதைத்தேனாம். உள்ளே வரக் கூடாது என்றார்கள். வாசலுக்கு வெளியே உட்காரக் கூடாது என்று சொல்லவில்லையே. தையற்காரியின் முக்காலியைப் போட்டுக்கொண்டு நீள நோட்டோடு உட்கார்ந்தேன். ஊசிக்கு வந்த ஒவ்வொரு குழந்தையையும் எழுதினேன். ஆறு நாளில் 4,610. நர்ஸ் ஜன்னல் வழியாக எனக்குத் தேநீர் நீட்டினாள். டாக்டர் பார்க்காத மாதிரி போனார், ஆனால் மூன்றாம் நாள் நிழலுக்காக ஒரு பெஞ்சையும் தட்டியையும் அவரே அனுப்பினார். அதற்குக் காரணம் எழுதினாரா என்று தெரியவில்லை.

விசாரணை மே மாதம். அதுவரை நீ வராதே. உன்னைப் பார்த்தால் உடைந்துவிடுவேன். இப்போது உடைய எனக்கு விருப்பமில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

பத்து முறை எழுதிக் கிழித்தேன்.

கோப்பு அறையில் பழைய படிவம் ஒன்று கிடைத்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. அதன் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "வரிகள் போதாவிடில் கூடுதல் தாள் இணைக்கவும்." பிறகு அச்சிட்டபோது தாளில் இடம் மிச்சம் பிடிக்க அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அனுப்பியிருக்கிறேன். விசாரணையில் காட்டு.

என் கணக்கில் இப்போது நான்கு அறை. நான்காவது இறந்தவர்களுக்கு. கணக்கின் விடை அதனால் மாறாது. இருந்தாலும் போட்டேன். யாரும் கேட்காமலே, இந்தத் தூசிக்குள் உட்கார்ந்து, எல்லா ஊருக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ வரச் சொன்ன அன்று வருவேன்.

தம்பி


மே 27

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மாமா நலம். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

விசாரணை முடிந்தது. மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் இரக்கமானவர். அவர்தான் ஆபத்தானவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"உங்க குழந்தை அந்த வாரம்தான் இறந்திருக்கு. மனசு சரியில்லாம, என்ன செய்யறோம்னு தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா. இன்னைக்கே வேலையில சேர்ந்துடலாம்."

மாமா வெளியே லாரியை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். வாடகை, கடன், எல்லாம் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் எழுதினால் 880 வரியும் பைத்தியக்காரியின் கிறுக்கலாகிவிடும்.

"இல்ல சார்" என்றேன். "மனசு சரியில்லாமதான் இருந்தேன். ஆனா எனக்கு எண்ணத் தெரியும். எண்ணித்தான் செஞ்சேன். தாள் போதலைன்னா மறுபடியும் ஒட்டுவேன்."

நீ அனுப்பிய பழைய படிவத்தை மேசைமேல் வைத்தேன். மூவரும் மாறி மாறிப் படித்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்ப முடியவில்லை. மலைமேல் இருக்கும் ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே அறை, ஒரே மேசை, வாரத்துக்கு இரண்டு பேருந்து. வரும் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கோந்து பாட்டில் புதிதாக வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். படிவத்தின் அடியில் அந்தப் பழைய வரியை மறுபடி அச்சிடப்போகிறார்களாம், நர்ஸ் கேள்விப்பட்டுச் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை இங்கே புதிதாக ஒரு குழந்தையும் வரவில்லை, படிவத்தில் முட்டைதான். "உங்க தம்பி பேரை எழுதி அனுப்பியிருக்கேன்க்கா" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தேன்.

மொத்தம் 3,120 குழந்தைகள். இறந்தவர்கள் இருபத்தெட்டு. அறுபது என்று நீ பயந்தாய். உன் நான்காவது அறையில் இருபத்தெட்டு என்று எழுதிக்கொள்.

இப்போது நீ வரலாம்.

ஒரே ஒரு குறை உன்மேல். கடிதத்தின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி எழுதுவாய், அவள் இடது கன்னத்துக்கு. போன கடிதத்தில் அதை விட்டுவிட்டாய். என் மனம் நோகும் என்று விட்டிருப்பாய். விடாதே. அடுத்த கடிதத்தில் எழுது, அதற்கு அடுத்ததிலும் எழுது. தாளில் இடம் இல்லாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டு எழுது.

உன் அக்கா